தெரிவும் உரிமையும்

‘விரும்பியதைத் தெரிவு செய்துகொள்ளலாம்’ என்று எவரேனும் கூறும்போது, அவர் எமக்குச் சுதந்திரம் வழங்குகின்றார் என்றே நாம் கொள்கின்றோம். சந்தையிலே கத்தரிக்காய் வாங்குவோருக்கு இவ்வெண்ணம் பொருந்தும். இனிமேல் வரவிருக்கும் நோய்க்கு இன்றே விலை பேசுமாறு ஒரு முதியவரிடம் கேட்கும்போதும் அது பொருந்துமா? இவ்வினாவை எம்முன் வைத்தவர், ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலே வாழும் எமது சித்தப்பா.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர், தமது இருபத்துமூன்றாம் வயதில் நாட்டைவிட்டுப் புறப்பட்டவர் அவர். அங்கு படித்து, நில அளவையாளராகி, சிற்றூரொன்றிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அவர் வாழும் நிலத்தை மனத்திற் கொண்டாலன்றி அவரது இடர் விளங்காது. வயோமிங்கின் பரப்பு ஏறக்குறைய 253,000 சதுர கிலோமீற்றர்; இலங்கையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 576,851 பேர். யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்களை நான்கு இலங்கைகளின் மேல் தூவிவிட்டாற்போன்ற நிலை அது. மாட்டுப் பண்ணைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் ஓயாத காற்றும் உள்ள நாடு. சித்தப்பாவின் ஊரில் ஒரு சிறு வைத்தியசாலை உண்டு. இருதய மருத்துவரைக் காண்பதாயின் காஸ்பர் நகருக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காரோட்டிச் செல்லவேண்டும். பெரிய சிகிச்சையாயின் கொலராடோ மாநிலத்து டென்வருக்கோ மொன்டானா மாநிலத்து பில்லிங்ஸுக்கோ போகவேண்டும். மாரிகாலத்தில் பனியும் காற்றும் பெருந்தெருக்களையே மூடிவிடும்.

2025 பங்குனியில் அவருக்கு அறுபத்தைந்து வயது நிறைந்தது. அதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே காப்புறுதிக் கம்பனிகளின் கடிதங்கள் அவரது தபாற்பெட்டியை நிறைக்கலாயின. சின்னம்மா காலமாகிவிட்டார், மகன் தூர நகரத்தில் வேலை. எமக்குப் பொழுது விடியும் நேரம் அவருக்கு முந்திய நாளின் மாலை. அந்நேரத்தில் அவர் தொலைபேசியிலே கடிதங்களை வாசிப்பார், நாம் குறிப்பெடுப்போம். பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்து, பழைய உரைகளோடு மல்லாடியவர்களுக்கு எந்தச் சூத்திரமும் விளங்கும் என்பது அவரது நம்பிக்கை. ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார்: “பிள்ளை, எனக்கு இனி என்ன வருத்தம் வரும் எண்டு எனக்கே தெரியாது. அதைத் தெரிஞ்சவன் மாதிரி ஒண்டைத் தெரிவு செய் எண்டு கேக்கிறாங்கள்.”

இதனிலும் தெளிவான விமர்சனத்தை நாம் எந்தப் பொருளியல் நூலிலும் கண்டதில்லை.

அறுபத்தைந்து வயது நிறைந்தோருக்கு அந்நாட்டு அரசாங்கம் நடத்தும் காப்புறுதித் திட்டத்தின் பெயர் மெடிகெயார். 1965 யூலை 30ஆம் திகதி, ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் மிசூரி மாநிலத்து இன்டிபென்டன்ஸ் நகரில் இதற்கான சட்டத்திற் கையெழுத்திட்டார். முதலாவது அட்டை முன்னாள் ஜனாதிபதி ஹரி ட்ரூமனுக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்நாட்டு முதியோரில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு வைத்தியசாலைச் செலவுக்கான காப்புறுதி இருக்கவில்லை. ‘சோஷலிச வைத்தியம்’ என்று பெயர்சூட்டி அமெரிக்க மருத்துவர் சங்கம் நெடுங்காலம் எதிர்த்த திட்டம் இது. தொழிற்சங்கங்களும் முதியோர் அமைப்புக்களும் போராடியே அதனைப் பெற்றன. உழைப்போர் ஒவ்வொருவரும் தமது சம்பளத்திலிருந்து அதற்குப் பணம் செலுத்தி வருகின்றனர். ஆகவே அது தானமன்று. உழைத்துப் பெற்ற உரிமை.

ஆயின் அவ்வுரிமையிலே தொடக்கம் முதலே இடைவெளிகள் விடப்பட்டன. 2025ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். மருத்துவர் சேவைக்கான பகுதிக்கு மாதம் 185 டொலர் செலுத்தவேண்டும். வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் முதல் 1,676 டொலர் நோயாளியின் பொறுப்பு. மருத்துவர் சேவைக்கு ஆண்டின் முதல் 257 டொலரும், அதன் பின் ஐந்திலொரு பங்கும் அவருடையவை. இந்த ஐந்திலொரு பங்குக்கு மேலெல்லை கிடையாது. ஒரு இலட்சம் டொலர் சிகிச்சையாயின் இருபதினாயிரம் டொலர் அவர் தலையில் விழும். ஆயுள் முழுவதும் உழைத்தவரின் சேமிப்பு ஒரே நோயிற் கரைந்துவிடக்கூடும்.

அரசாங்கம் விட்ட இடைவெளியிலே கம்பனிகள் கடை விரித்துள்ளன. ‘மெடிகாப்’ எனப்படும் மேலதிகக் காப்புறுதி அதுவே. அதன் திட்டங்களுக்கு ஆங்கில எழுத்துக்களே பெயர். ஒரு காலத்தில் முதியோரை அச்சுறுத்தி, ஒன்றையொன்று ஒத்த இரண்டு மூன்று பத்திரங்களை ஒருவரிடமே விற்ற முகவர்கள் இருந்தனர். அதனைத் தடுத்து, திட்டங்களை ஒழுங்குபடுத்தியது 1990ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று மாநிலங்கள் நீங்கலாக ஏனைய எங்கும் ‘ஜி’ என்ற திட்டம் எக்கம்பனியிடம் வாங்கினும் ‘ஜி’ திட்டமே. அது வழங்கும் அடிப்படைப் பயனில் வேறுபாடில்லை. ஆயினும் விலையில் வேறுபாடுண்டு! சித்தப்பாவிடம் வந்த இரண்டு கடிதங்களை ஒப்பிட்டோம். பயன் ஒன்று, மாதக் கட்டணத்திலோ பல பத்து டொலர் வித்தியாசம். எழுத்துப் பிசகாத ஒரே நூலை இரு பதிப்பாளர் இரு விலைக்கு விற்பது போன்றது இது. குறைந்த விலையை வாங்கிவிடலாமே எனில், வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும் பத்திரம் எது, ஏறாதது எது என்று வேறொரு மூலையிலே தேடவேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. மெடிகெயார் உரிமையையே தனியார் கம்பனியின் மூலம் பெறுகின்ற ‘அட்வான்டேஜ்’ திட்டம். பல இடங்களில் அதற்கு மேலதிக மாதக் கட்டணம் இல்லை. பல்லுக்கும் கண்ணுக்கும் உதவியுண்டு. நோயாளியின் ஆண்டுச் செலவுக்கு ஓர் எல்லையும் உண்டு. இன்று நாடளாவிய ரீதியில் மெடிகெயார் பெறுவோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் அதிலேயே சேர்ந்துள்ளனர். வசதி குறைந்தோர் அதனை நாடுவதில் வியப்பில்லை. அவர்களை நாம் பழிக்கவும் மாட்டோம். ஆயின் கம்பனியோடு உடன்படிக்கை செய்துகொண்ட மருத்துவரிடமே பெரும்பாலும் செல்லவேண்டும். பல சிகிச்சைகளுக்குக் கம்பனியின் முன்னனுமதி வேண்டும். மருத்துவர் மலிந்த பெருநகரத்தில் இது பொறுக்கத்தக்கதாகலாம். நூறு மைல்களுக்கு ஓர் இருதய மருத்துவர் உள்ள நாட்டில், அந்த ஒருவரும் பட்டியலில் இல்லையெனில் நோயாளி எங்கே போவார்? இத்திட்டங்களிற் சேர்ந்தோர் மிகக் குறைவாயுள்ள மாநிலங்களுள் வயோமிங்கும் ஒன்று என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

சிற்றூர் மக்களுக்கு மட்டும் உரிய இன்னொரு சுமையையும் சொல்லவேண்டும். ஒதுக்குப்புறங்களிலுள்ள சிறு வைத்தியசாலைகள் மூடப்பட்டுவிடாதிருக்க, 1997ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றிற்கு விசேட உதவி வழங்கிற்று. இருபத்தைந்து கட்டில்களுக்கு மேற்படாத அவ்வைத்தியசாலைகள் பல உயிர்களைக் காத்து வருகின்றன. ஆயின் நகர வைத்தியசாலையில் வெளிநோயாளர் செலுத்தும் பங்கு மெடிகெயார் நிர்ணயித்த விலையைக் கொண்டு கணிக்கப்பட, இச்சிறு வைத்தியசாலையிலோ அது வைத்தியசாலை குறித்த விலையில் ஐந்திலொன்றாகும். குறித்த விலை பெரும்பாலும் கூடியது. ஆகவே, அதே பரிசோதனைக்கு நகரத்தவரிலும் கிராமத்தவர் அதிகம் கொடுக்க நேரிடுகின்றது. மெடிகாப் இல்லாத கிராமத்து முதியவருக்கு இது கண்ணுக்குத் தெரியாத வரி.

எல்லாவற்றிலும் கொடியது காலக்கெடு. அறுபத்தைந்து வயதும் மருத்துவர் சேவைப் பகுதியும் ஒன்றுசேர்ந்த மாதம் முதல் ஆறு மாதங்களுக்கு எந்த மெடிகாப் கம்பனியும் ஒருவரை நோயைக் காரணங்காட்டி மறுக்க இயலாது. அதன் பின்னர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெரும்பாலான மாநிலங்களில் கம்பனி உடல்நிலையை விசாரிக்கலாம், விலையை உயர்த்தலாம், மறுத்தும் விடலாம். வயோமிங்கிலும் அதுவே நிலை. சித்தப்பாவின் அயலவர் ஒருவர், மாடு வளர்ப்பவர், கட்டணமில்லை என்று அட்வான்டேஜில் இணைந்தார். நான்கு ஆண்டுகளின் பின் இருதயம் பழுதுற்றது. டென்வர் வைத்தியசாலைக்குச் செல்ல விரும்பிப் பழைய மெடிகெயாருக்குத் திரும்பினார். அதற்குத் தடையில்லை. மெடிகாப் கேட்டபோது மூன்று கம்பனிகள் மறுத்துவிட்டன. எல்லையற்ற ஐந்திலொரு பங்கைத் தலையிற் சுமந்தவாறு அவர் கன்றுகளை விற்றுக்கொண்டிருக்கின்றார். நலமாயிருந்தபோது அவரைத் தேடிக் கடிதம் எழுதியவர்கள், நோயுற்றபோது அவர் எழுதிய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினர்.

சித்தப்பாவும் 2021இல் இருதய சிகிச்சை பெற்றவர். ஆவணி முடிவதற்குள் தீர்மானிக்காவிடின் அவருக்கும் அதே கதிதான். இறுதியில் உதவியவர் முகவரல்லர். முதியோருக்கு இலவசமாக ஆலோசனை வழங்க ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அரசாங்க உதவித் திட்டம் உண்டு. அதுவும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவே. அதிலே தொண்டராகப் பணியாற்றும் ஒருவர் சித்தப்பாவிடம் கேட்டது ஒரே கேள்வி: “கடும் நோய் வந்தால் எந்த வைத்தியசாலைக்குப் போவீர்கள்?” அதற்கான விடையிலிருந்து பின்னோக்கி வந்தபோது வழி தெளிவாயிற்று. ஆடி மாதத்தில் அவர் ‘ஜி’ திட்டத்தை வாங்கினார். 2025இல் 257 டொலராயிருந்த ஆண்டின் முதற்றொகை நீங்கலாக, மெடிகெயார் ஏற்கும் சிகிச்சைகளில் அவர் பங்கை அது ஏற்கும். மெடிகெயாரை ஏற்கும் மருத்துவர் எம்மாநிலத்தில் இருப்பினும் செல்லலாம். நாட்டுக்கு வெளியே மெடிகெயார் பெரும்பாலும் உதவாது. ஆயின் இத்திட்டம் பயணத்தின் முதல் அறுபது நாட்களுள் நேரும் அவசர சிகிச்சையில், 250 டொலர் கழித்து, எண்பது வீதத்தை ஏற்கும். ஆயுளுக்கு 50,000 டொலர் வரை. “அப்ப ஊருக்கு வரலாம்” என்றார். அந்த ஒரு வாசகத்தை இரண்டு தடவை எம்மை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆனால் மாதக் கட்டணங்களைச் செலுத்துவதற்காக அவர் வாரத்தில் இரண்டு நாள் இன்னும் அளவைக் கருவியைச் சுமக்கின்றார். பல்லுக்குத் தம் பணத்தையே கொடுக்கின்றார். இது சிறந்த தெரிவுதான். சிறந்த தெரிவுக்கே இவ்வளவு விலையெனின், அதையும் வாங்க இயலாதவர் நிலை யாது?

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையின் வாசலில் எவரும் எம்மிடம் பத்திரம் கேட்பதில்லை. மருந்துத் தட்டுப்பாட்டை 2022இல் நாம் கண்டோம். வெளியில் வாங்குமாறு எழுதித்தரும் துண்டுகளை இன்றும் அறிவோம். இங்கும் இடைவெளிகள் விரிகின்றன. அவை விரியும் வேகத்திலேயே எமது ஆசிரியர் அறைக்குக் காப்புறுதி முகவர் வருகையும் கூடுகின்றது. அவர்கள் வைத்துச் செல்லும் வண்ணத் தாள்களை மாணவருக்கு வாசித்துக் காட்டுவது செய்யுட் பாடத்திலும் குறைந்த பணியன்று. ‘உங்களுக்குத் தெரிவு உண்டு’ என்று முகவர் சொன்னாலும் அமைச்சர் சொன்னாலும், வயோமிங்கின் மாட்டுப் பண்ணைக்காரரை நினைந்து நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: நோய் வந்த பின்பும் அந்தத் தெரிவு எமக்கு இருக்குமா?