இரு சட்டங்கள்

சட்டம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. அரசாங்கம் இயற்றி மக்களை ஒழுங்கில் நிறுத்துவது ஒரு சட்டம். மரத்தாலோ இரும்பாலோ இணைக்கப்பெற்று ஒரு பொருளைத் தாங்கி நிற்பது மற்றொரு சட்டம். படத்துக்கும் சட்டம் உண்டு, கதவுக்கும் உண்டு, வண்டிக்கும் உண்டு. இரண்டில் எதை மீறினாலும் தண்டனை கிடைக்கும். முன்னதை மீறியவனுக்கு நீதிமன்றத்திலே கிடைக்கும். பின்னதை மீறியவனுக்கு மலைப்பாதையின் வளைவிலே கிடைக்கும். இவ்விரண்டையும் ஒருசேர நினைக்க வேண்டிய வேலை ஒன்று எனக்குச் சென்ற ஆண்டு வாய்த்தது. அதைப்பற்றி நம் தோட்டத்து இளைஞர்களும் நகரத்து இளைஞர்களும் அறிந்துகொள்வது நலம் என்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் பல ஆண்டு பிட்டராக வேலை செய்தவன். இப்போது கியா பார்மில் காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் சிறு பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். ஓர் இளைஞர் பழைய வெஸ்பா ஸ்கூட்டர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய தாத்தா தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி அது. யந்திரம் தேய்ந்து, திருத்த முடியாத நிலையை அடைந்திருந்தது.

“மாமா, இதைக் கழற்றிவிட்டு ஒரு கப்சாய் யந்திரத்தைப் பொருத்திக் கொடுங்கள். அம்மாவை மாதந்தோறும் தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். சில சமயம் தாப்பாவுக்கும் இறங்கி ஏற வேண்டும். இந்த வண்டியை விட்டுவிட மனம் வரவில்லை” என்றார்.

அவர் விரும்பியதில் நியாயம் இருந்தது. கியா பார்ம் கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே உள்ள ஊர். இவ்வுயரத்தில் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. யந்திரம் உண்ணும் காற்றுக் குறைந்தால் அதன் வலிமையும் அவ்வளவு குறையும். இறக்கத்திலோ வேறொரு தொல்லை. அந்தப் பழைய வெஸ்பாவின் யந்திரம் இரண்டு வீச்சு யந்திரம். பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் அதன் பிஸ்டனுக்கு மசகு. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். அந்த நெடிய இறக்கத்தில் முறுக்குப் பிடியை மூடியபடியே இறங்கினால், பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகக் கூடும். நான்கு வீச்சு யந்திரத்தில் மசகு எண்ணெய் தனியே இருப்பதால் இந்த அபாயம் இல்லை.

யந்திரம் மாற்றுவது நம் மலைக்குப் புதிதுமன்று. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் ஓடும் பழைய லாண்ட்ரோவர்களை அறியாதார் யார்? 1948-இல் இங்கிலாந்தில் தோன்றிய அவ்வண்டியின் பழைய உருப்படிகள் பலவற்றில், நம் மலையில் ஜப்பானிய டீசல் யந்திரங்கள் பொருத்தப்பட்டு, முட்டைக்கோசும் தக்காளியும் சுமந்து திரிகின்றன. “லாண்ட்ரோவரில் முடிவது வெஸ்பாவில் முடியாதா?” என்று இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. வேலையின் சூட்சுமம் முழுவதும் அதன் விடையிலே அடங்கியிருக்கிறது.

லாண்ட்ரோவருக்கு அடியில் ஏணி போன்ற கனத்த எஃகுச் சட்டம் ஒன்று தனியே உண்டு. மேலே இருக்கும் அலுமினிய உடல் அதன்மேல் ஏற்றிவைத்த சட்டை போன்றது. ஏணியில் புதிய தாங்கிகளை ஒட்டி வேறு யந்திரத்தை உட்கார வைக்கலாம். வெஸ்பாவுக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 1946-இல் வெளிவந்த அதனை வரைந்த கொர்ராதினோ தஸ்கானியோ என்னும் இத்தாலியர் விமானப் பொறியாளர். விமானத்தில் உடலின் தகடே பாரத்தைத் தாங்குவதுபோல, வெஸ்பாவிலும் அழுத்தி வளைத்த எஃகுத் தகடே சட்டமாகவும் உடலாகவும் இருக்கிறது. அழகுக்காக இருப்பதாக நாம் நினைக்கும் வளைவெல்லாம் பாரம் சுமக்கும் எலும்பு. கால் வைக்கும் தளத்தின் நடுவே ஓடும் மேடு அதன் முதுகெலும்பு.

இத்தகைய தகட்டைக் கண்டபடி வெட்டினால் என்ன நேரும் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1954-ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலின்மேல் வானிலேயே சிதறின. உடலின் தகட்டில் விடப்பட்ட திறப்புகளின் மூலையில் விசை குவிந்து, மீண்டும் மீண்டும் ஏற்பட்ட அழுத்தத்தால் விரிசல் தோன்றி வளர்ந்தது என்பது ஆராய்ச்சியில் புலனாயிற்று. ஸ்கூட்டரின் தகட்டுக்கும் இவ்விதியே பொருந்தும். வெட்டிய அன்று ஒன்றும் நேராது. ஆயிரம் குழிகளில் ஏறி இறங்கிய பிறகே விரிசல் தன் வேலையைக் காட்டும்.

கப்சாய் யந்திரம் ஏன் பொருந்தாது என்பதை இனி எளிதில் உணரலாம். அது சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்படுவது. பின்சக்கரம் தனிக் கையில் அசையும். இடையே செயின் ஓடும். வெஸ்பாவிலோ யந்திரமே சக்கரத்தைத் தாங்கும் கை. ஒரு நீண்ட போல்ட்டில் கோக்கப்பட்டுச் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும். கப்சாயைப் பொருத்த வேண்டுமானால் முதுகெலும்பு மேட்டை வெட்டித்தான் இடம் செய்ய வேண்டும். மேலும் அது எதிர்க்காற்றில் குளிர்வது. வெஸ்பாவின் உடலுக்குள் ஒளித்து வைத்தால் ஏற்றத்தில் வெந்துபோகும்.

“பலர் வெட்டி ஓட்டுகிறார்களே, மாமா?” என்றார்.

“ஓட்டுகிறார்கள், தம்பி. எத்தனை நாள் ஓட்டினார்கள் என்று எவர் எழுதி வைத்திருக்கிறார்?” என்றேன்.

இறுதியில், விபத்தில் முன்புறம் நசுங்கிய தானியங்கி ஸ்கூட்டர் ஒன்றின் 125 சி.சி. நான்கு வீச்சு யந்திரத்தை, முறையான ரசீதோடு வாங்கினோம். அதுவும் சக்கரத்தோடு சேர்ந்து அசைவது. குளிர்விக்கத் தன் விசிறியைத் தானே வைத்திருப்பது. பழைய யந்திரம் செய்த தொழிலையே செய்வதால் முதுகெலும்பைத் தொட வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று.

முதலில் அட்டையில் வெட்டி அளவு பார்த்தோம். பிறகே எஃகில் கை வைத்தோம். பழைய போல்ட் சென்ற துளைகளிலேயே புதிய தாங்கியைக் கோத்தோம். பாரம் தாங்கவென்றே செய்யப்பட்ட இடம் அதுவன்றோ? முன்சக்கரத்தின் இருபுறமும் நூல் பிடித்துப் பின்சக்கரம் வரை இழுத்தபோது, பின்சக்கரம் 14 மில்லிமீட்டர் விலகி நின்றது. அந்த அளவுக்குப் புஷ் கடைந்து நேராக்கினோம். ஷாக் அப்சார்பரின் மேல்முனைக்குப் புதிய இடம் தேவைப்பட்டது. அங்கே 3 மில்லிமீட்டர்த் தகட்டை மூலைகளெல்லாம் உருட்டி, சூட்டினால் உடல் கோணாதபடி சிறிது சிறிதாக இடம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்தோம். கூர்மூலை ஒன்றுகூட விடவில்லை.

யந்திரம் சுழன்றதும் வேலை முடிந்ததென்று இளைஞர் மகிழ்ந்தார். உண்மையில் பாதிதான் முடிந்திருந்தது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆவதில்லை. இரண்டேகால் மடங்கு ஆகிறது. பழைய வண்டியிலாவது கீழ்க் கியரைப் போட்டு இறக்கத்தில் வேகத்தை அடக்கலாம். தானியங்கியில் கியர் இல்லை. வேகம் ஓரளவுக்குக் கீழே வந்ததும் அதன் கிளச் தானே விட்டுவிடும். அதன்பின் பிரேக் ஒன்றே துணை. ஆகவே முன்புறத்தில், பின்னாளில் வந்த வெஸ்பாவின் தட்டு பிரேக்கை அதன் கவையோடு பொருத்தினோம். யந்திரத்துக்குச் செலவிட்ட பணத்தில் பாதி இதற்குச் சென்றது.

சென்னை நகரில் மீன்பாடி வண்டி என்று வழங்கும் மூன்று சக்கர வண்டிகள் மிதித்து ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டவை. அவற்றில் பழைய மோட்டார் சைக்கிள் யந்திரங்களைப் பொருத்தி ஓட்டும் வழக்கம் பரவிற்று. ஏழைத் தொழிலாளியின் கால்வலி தீர்ந்தது. அதனை நான் இகழேன். ஆனால் மிதிவண்டியின் சட்டமும் மிதிவண்டியின் பிரேக்கும் மோட்டாரின் வேகத்தை எவ்வாறு அடக்கும்? விபத்தும் போலீசாரின் தடையும் பின்தொடர்ந்ததில் வியப்பில்லை. விசையைக் கூட்டுகிறவன், அதைத் தாங்குவதையும் நிறுத்துவதையும் கூட்டியே ஆக வேண்டும்.

என் இளமையில் நான் வேலை பழகிய ஒரு பட்டறையில் அளவை எழுதி வைக்கும் வழக்கமே இல்லை. கண்ணளவு, கைப்பழக்கம் என்பார்கள். முக்கியமான கட்டத்தில் பையன்களைத் தேநீர் வாங்க அனுப்பிவிடுவார்கள். அவ்வாறு மறைத்த வித்தை மறைத்தவரோடு மடிந்தது. ஆதலால் இந்த வேலையின் அளவுகள், தகட்டின் கனம், வெல்டிங் செய்த இடங்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை விரிசல் பார்க்க வேண்டிய மூலைகள் யாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இளைஞர் கையாலேயே எழுதச் செய்தேன்.

எஞ்சியிருப்பது மற்றைய சட்டம். வண்டியின் கிரானில் சட்டக எண்ணும் யந்திர எண்ணும் பதிந்திருக்கின்றன. தகட்டில் பொறித்த சட்டக எண்ணை நாங்கள் தொடவில்லை. அதுவே தாத்தா வண்டியின் பெயர். ஆனால் யந்திர எண் மாறிவிட்டது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் இல்லாமல் அதைச் சாலையில் ஓட்டினால், அபராதத்தோடு போகாது. இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்தால், அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? வேலை தொடங்குமுன்பே இலாகாவில் விசாரித்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பரிசோதனை இன்னும் முடியவில்லை.

“தானா ராத்தா வரைக்குந்தானே மாமா, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று இளைஞர் இருமுறை கேட்டுவிட்டார். பின்னால் உட்காரப்போகிறவர் உன் தாயார் என்பதைத் தவிர வேறு விடை நான் சொல்லவில்லை. அவர் இன்னும் பஸ்ஸிலேதான் மருத்துவமனைக்குப் போய்வருகிறார். இலாகாவின் கடிதம் வரும் வரையில் சாவி என் மேசையில் இருக்கும். நோட்டுப் புத்தகம் மட்டும் இப்போதே இளைஞரிடம் இருக்கிறது. இத்தகைய வேலையில் இறங்க விரும்பும் எவரும் கியா பார்முக்கு வந்து அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.