முழங்கால் நோவும் மூலவர் வலமும்

உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகக் கருதுவது நம் மரபு. அவ்வாலயத்தின் தூண்கள் நம் கால்கள். முதுமையில் அத்தூண்கள் தளரும்போது முதலில் குறைவது பிரதட்சிணமே. அகரம் முத்தாலம்மனை வலம் வருவதும், அருகே தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தன்வந்திரி சந்நிதி முன் நின்று வேண்டுவதும் என் நெடுநாள் வழக்கம். இப்போது தரையில் விழுந்து வணங்கினால், எழுவதற்கு இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது.

இதைக் கண்டு வருந்திய என் மகள், வெளிநாட்டிலிருந்து வரும்போது மூட்டுக்கு நல்லதென்று ஒரு மாத்திரைப் புட்டி வாங்கி வந்தாள். அதில் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் என இரு பொருள்கள் இருந்தன. முன்னது இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், பின்னது மாட்டின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்பட்டவை என்று அதன் சீட்டில் குறித்திருந்தது. புலால் உண்டறியாத எனக்கு அதை விழுங்க மனம் ஒப்பவில்லை. அன்போடு வாங்கி வந்தவளை நோகச் செய்யவும் மனமில்லை.

இருவரும் திண்டுக்கல்லில் எலும்பு மருத்துவரைக் கண்டோம். "அம்மா, இதை விட்டுவிடுவதால் உங்களுக்குப் பெரிய இழப்பில்லை" என்றார் அவர். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 1,583 பேரைச் சோதித்தபோது, இவை மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட மேலான பயன் தரவில்லையாம். சோளத்திலிருந்து செய்யும் சைவக் குளுக்கோசமைனும் கிடைக்கிறது. அதற்கும் இதே கதைதான்.

வலிக்கு முதலில் மேற்பூச்சாக டைக்ளோஃபினாக் களிம்பு தந்தார். அதே மருந்தை மாத்திரையாக உட்கொண்டால் முதியோர்க்கு வயிற்றுப்புண், இரத்தக் கசிவு, சிறுநீரகக் கேடு, இரத்த அழுத்த உயர்வு ஆகியவை நேரக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர்க்கு அபாயம் இன்னும் மிகுதி. ஆகவே கடையில் தாமே கேட்டு வாங்கலாகாது. பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதை மறவாதீர்கள். முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் உணவாக இருக்கட்டும், மருந்துக்கு ஈடாகா.

அனைத்தினும் மேலானதாக அவர் சொன்னது தொடைத் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேரே நீட்டிச் சற்று நிறுத்தி இறக்க வேண்டும். எண்ணிக்கைக்குப் பதில் அம்மன் நாமத்தைச் சொல்கிறேன்; என் மகளும் உடன் சொல்கிறாள். புட்டியைத் திறக்காததில் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை.

அன்பர்களே, பழனி மலைக்கு 1966-இல் இழுவை இரயிலும் 2004-இல் கம்பிவட ஊர்தியும் வந்தன. படியேற இயலாதார்க்கும் முருகன் வழி வைத்திருக்கிறான். மூன்று சுற்று இயலாவிடில் ஒரு சுற்று. அதுவும் இயலாவிடில் அமர்ந்தே வணங்குவோம். மருந்தை மருத்துவரிடம் கேட்போம், மன உறுதியை இறைவனிடம் கேட்போம்.