திராட்சைக்கு முன்னே தண்ணீர்

நாசிக் நகருக்கு மேற்கே, கோதாவரியை மறித்துக் கட்டிய கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிச் சுலா, யார்க், சோமா என்று ஒயின் ஆலைகள் இருக்கின்றன. வார இறுதியில் மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் கூட்டம் அங்கே போகிறது. பந்தல் வரிசைகளுக்கு நடுவே நடக்கிறார்கள், சுவைக்கூடத்தில் உட்காருகிறார்கள், ஏரியில் வெயில் சாய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்தப் பொழுதுபோக்கின் மூலம் எது என்ற கேள்வி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து யோசிக்கும் எனக்கு வெறும் வரலாற்று ஆர்வம் மட்டுமல்ல. நம் பக்கத்தில் சுற்றுலாவை வளர்ப்பது பற்றிப் பேச்சு எழுந்தால் விடுதியும் நுழைவு வளைவும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. மூலத்தைத் தவறாகக் கணித்தால் முதலீடும் தவறான இடத்துக்கே போகும்.

எளிதாகக் கிடைக்கும் விடை ராஜீவ் சாமந்த். அமெரிக்காவில் படித்து வேலை பார்த்துவிட்டுக் குடும்ப நிலத்துக்குத் திரும்பியவர், 1999இல் சுலா நிறுவனத்தைத் தொடங்கினார். 2005இல் அங்கே திறந்த சுவைக்கூடம், ஆலைக்கு வந்து பார்க்கும் வழக்கத்துக்கு வாசல் திறந்தது. அவருடைய பங்கை மறுக்க முடியாது. ஆனால் அவருக்கு முன்பே நாசிக் விவசாயிகள் சாப்பாட்டுத் திராட்சையில் கைதேர்ந்திருந்தார்கள். வெப்ப நாட்டில் கொடி ஓய்வெடுக்காது என்பதால் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து என்று ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டிக் காய்ப்பை வசப்படுத்தும் நுட்பம் அவர்களிடம் இருந்தது. 2001இல் மகாராஷ்டிர அரசு கொண்டுவந்த திராட்சை பதப்படுத்தும் தொழிற்கொள்கை, ஒயின் ஆலைகளுக்கு வரிச்சலுகை தந்தது. சுலாவுக்கும் இந்தக் கொள்கைக்கும் வெகு முன்னால், பாசனத்துக்கும் நாசிக்கின் குடிநீருக்கும் என்று பொதுப்பணத்தில் எழுந்தது கங்காபூர் மண் அணை. இன்று பயணிகள் ரசிக்கும் ஏரி அதன் நீர்த்தேக்கம்தான். ஆக, தண்ணீர், விவசாயியின் கை, தொழில்முனைவோர், அரசின் கொள்கை என்ற வரிசையில் சுவைக்கூடம் கடைசியாகவே வருகிறது.

ஒயின் இருந்தால் போதும், ஊர் தானாக வளரும் என்று ஒருவர் வாதிடலாம். அதற்கு எதிரான சான்று நம் மண்ணிலேயே கிடக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கப்பலில் மது வந்து இறங்கியிருக்கிறது. அது இங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தையும் விட்டுச் செல்லவில்லை. சரக்கு வரலாம், போகலாம். நிலத்தோடு சேராத சரக்கைப் பார்க்க யாரும் பயணம் போவதில்லை. மறுபுறம், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள லாவோ படித்தோட்டங்களைச் சொல்லி, அங்கே அணை ஏது என்று கேட்கலாம். அது இயற்கை ஏரிதான். ஆனால் வெயிலைத் திருப்பியடித்தும் சூட்டைத் தேக்கியும் அந்தச் சரிவில் பழத்தை முதிர வைப்பது அந்த ஏரி. இடைக்காலத் துறவிகள் தொடங்கிய கற்சுவர்ப் படிகளை 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது. அங்கும் நீர், உழைப்பு, பிறகே பயணி என்ற வரிசை மாறவில்லை.

நமக்கு நெருங்கிய சான்று கம்பம் பள்ளத்தாக்கு. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பள்ளத்தாக்குக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணைக்குச் செடி முந்தியது என்றால் தண்ணீர் எப்படி மூலமாகும் என்பது நியாயமான மறுப்பு. செடி வருவது வேறு, ஒரு பள்ளத்தாக்கே தோட்டமாவது வேறு. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அந்த அணை மேற்கே ஓடிய நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. பள்ளத்தாக்கின் வயலும் கிணறும் அதன் பிறகே உறுதி பெற்றன. அதே அணையின் நீர்த்தேக்கத்தில்தான் தேக்கடியின் படகுகள் ஓடுகின்றன. படகில் ஏரியைச் சுற்றியவர்கள் மலை இறங்கியதும் கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று பழம் வாங்குகிறார்கள். மேலே கண்ட ஏரிக்கும் கையிலுள்ள குலைக்கும் உள்ள உறவை எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. நாசிக்கில் ஒரே பார்வையில் படுவது இங்கே மலையாலும் மாநில எல்லையாலும் பிரிந்து கிடக்கிறது.

மதுவால் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்த மாநிலத்தில் ஒயின் சுற்றுலாவைப் புகழலாமா என்ற கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் மூலத்தைத் தேடியதன் பயனே இங்குதான் கிடைக்கிறது. பயணியை இழுப்பது நீரும் தோட்டமும் என்றால், பழமும் சாறும் உலர்திராட்சையும் வைத்தே கம்பத்தில் அந்த அனுபவத்தைக் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் தர முடியும். தண்ணீர் மட்டும் இருந்தால் எல்லா ஊரும் நாசிக் ஆகிவிடுமா என்றால், ஆகாது. விவசாயியின் நுட்பமும் துணை நிற்கும் கொள்கையும் தொழில்முனைவோரும் வேண்டும். ஆனால் தண்ணீர் இல்லாமல் மற்ற மூன்றும் நிற்க இடமில்லை. சங்கரன்கோவிலுக்கு மேற்கே புளியங்குடியில் எலுமிச்சைத் தோப்புகளும் மலையடிக் குளங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. விருந்தினரை அழைக்கும் திட்டம் எதுவானாலும் அந்தக் குளங்களைத் தூர்வாருவதிலும், தோப்புக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கச் செய்வதிலும் தொடங்க வேண்டும். விடுதி அதற்குப் பிறகு வரட்டும்.