ஒரு நாள் போதும்... எலவனாசூர்கோட்டையிலிருந்து கல்வராயன் மலைக்கு ஒரு குளுகுளு ட்ரிப்!

உளுந்தூர்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் போகிறவர்களில் பலருக்கு எலவனாசூர்கோட்டை என்பது பஸ் ஜன்னல் வழியாகக் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிருந்து கிளம்பினால் மலை, அருவி, அணை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ரூம் போட வேண்டாம், லீவு கேட்க வேண்டாம்.

முதலில் ஊரைப் பாருங்கள்

கிளம்பும் முன் ஊரிலுள்ள அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த கோயில் இது. ஊரின் பழைய பெயர் 'இறையானரையூர்' என்பதையும் அந்தக் கல்வெட்டுகளே சொல்கின்றன. பேச்சு வழக்கில் அது தேய்ந்து எலவனாசூர் ஆனது. பின்னால் ஒட்டிக்கொண்ட 'கோட்டை' ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் இந்த மண்ணுக்காக மோதிக்கொண்ட 18-ம் நூற்றாண்டை நினைவூட்டும்.

அடுத்து தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். காலை டிபனை இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. மலை ஏறிவிட்டால் பெரிய ஹோட்டல்களை எதிர்பார்க்க முடியாது.

அணை... அருவி... அப்புறம் படகு!

கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 15 கி.மீ. தூரத்தில், கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை. 46 அடி உயரம். மலையடிவாரத்தில் விரிந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்தாலே பாதிக் களைப்பு போய்விடும். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையின் ஓரத்திலேயே பெரியார் அருவி இருப்பதால், குழந்தைகள், தாத்தா பாட்டியோடு வருகிறவர்களுக்கு இதுதான் வசதி. மேகம் அருவிக்குக் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம். மேலே கரியாலூரில் படகு சவாரி, அதைத் தாண்டினால் வெள்ளிமலை.

'ஸ்பா' என்ற சொல்லே பெல்ஜியத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெயர்தான். தாது உப்புகள் கலந்த ஊற்றுநீரில் குளிக்கவும் அதைக் குடிக்கவும் மக்கள் அங்கே தேடிப்போனார்கள். அது உட்பட ஐரோப்பாவின் 11 ஊற்று நகரங்களை 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்வராயனில் அப்படி வெந்நீர்த் தொட்டியும் மசாஜும் தேட வேண்டாம். மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி, சுனையாகக் கசிந்து, ஓடையாகி, அருவியாக விழுகிறது. 'மூலிகைத் தண்ணி, நோய் தீரும்' என்று சொல்கிறவர்கள் உண்டு. நோய்க்கு டாக்டரைப் பாருங்கள். மனசு லேசாவதற்கு இந்த அருவி போதும்!

மலையின் மனிதர்கள்

இது வெறும் பிக்னிக் ஸ்பாட் இல்லை. மலையாளி பழங்குடியினரின் வீடு. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் பல தலைமுறைகளாக இருந்த மலை இது. நாடு 1947-ல் சுதந்திரம் பெற்றது. ஆனால், இங்கே ஜாகீர் ஆட்சி முடிவுக்கு வந்தது 1976-ல்தான். இன்று மரவள்ளி, சாமை, கடுக்காய் என உழைத்து வாழ்கிறார்கள். சாலையோரம் தேனோ கடுக்காயோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அனுமதி கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள்.

தண்ணீர் கீழேயும் போகிறது

அருவியில் சோப்பு, ஷாம்பு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மலையில் பிறக்கும் கோமுகி, அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சி வட்டார வயல்களுக்குப் பாய்கிறது. பிறகு மணிமுக்தாவில் கலக்கிறது. அந்த மணிமுக்தாதான் விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மேலே வீசும் ஒரு பாக்கெட், கீழே யாரோ ஒருவரின் வாய்க்காலுக்குப் போய்ச் சேரும்.

கிளம்பும் முன்...

* வடகிழக்குப் பருவமழையும் அதற்குப் பிந்தைய வாரங்களும் அருவிக்கு ஏற்ற காலம். கோடையில் தண்ணீர் குறைந்துவிடும்.

* மேலே மலையில் மழை பெய்தால், அருவியில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் திடீரெனக் கலங்கினால் உடனே கரையேறுங்கள். வனத்துறை தடை போட்டிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

* மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பையையும் பாட்டிலையும் திரும்ப எடுத்து வாருங்கள்.

* சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

* கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டில் வண்டி ஓட்டுவது சிரமம். மாலை 4 மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே சமவெளிக்கு வந்துவிடலாம்.