கிதாருக்குள்ளும் தார்!

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே மகனின் மலிவு விலை எலக்ட்ரிக் கிதார் 'ஙொய்' என்று இரையும். "விற்றுட்டு வேற வாங்கலாம்மா" என்றான். பெண்ணின் கல்யாணப் பணத்தில் கைவைப்பதா? மரம் நன்றாயிருக்கே, உள்ளே உள்ளதை மாற்று என்றேன்.

கழற்றிக் காட்டினான். 'பிக்கப்' என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. நாம் தார் சுற்றுகிற வேலைதான், போங்கள்! புதியதைப் பொருத்தி, குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி, எர்த் கம்பியைச் சரியாகப் பற்றவைத்ததும் இரைச்சல் பெரும்பாலும் அடங்கியது. பிரிட்ஜை மாற்றிச் சரிபார்த்தபின் மேல் ஸ்தாயியிலும் சுருதி விலகவில்லை.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ்கூட இரட்டைக் கம்பிகளை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கட்டித்தானே கச்சேரி செய்தார்?

பழைய பிக்கப்பை எறிய வேண்டாம், சகோதரிகளே. எங்கள் வீட்டில் அது தார்க்கூடையில் பத்திரமாக இருக்கிறது.