வறண்ட மண்ணின் பொன்மலர்

தர்மபுரி என்றவுடனே வறட்சி என்னும் சொல்லும் கூடவே வந்து நிற்பது நம் நாட்டு வழக்கமாகிவிட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட பழைய தகடூர் நாடு இது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி இதனின்று பிரிந்தது. ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதுவும் பெய்தால் உண்டு, பொய்த்தால் இல்லை. நிலத்தடி நீரிலோ புளோரைடு மிகுதி. அதைப் பருகிப் பருகிப் பல் கறைபட்டு, எலும்பு வளைந்து துன்புற்றோர் பலர். இக்குறையைத் தீர்க்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

இத்தகைய மண்ணில் பூக்களைத் தேடிப் புறப்படுவோரைக் கண்டால் பிறர் நகைக்கக்கூடும். ஆயினும் புரட்டாசி மாதத்துக் காலைப் பொழுதொன்றில் சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி, நல்லம்பள்ளி வழியாகத் தர்மபுரிக்கு வருவோர் காணும் காட்சி வேறு. இருபுறமும் கரடும் முள்வேலியும் கடந்து போகையில், திடீரெனச் செம்மண்ணின்மேல் பொன்னை உருக்கி ஊற்றியது போன்று மஞ்சளும் காவியுமாய் வயல்கள் விரிகின்றன. அவைதாம் செண்டுமல்லி வயல்கள். துலுக்கச் சாமந்தி என்றும் இதனைச் சொல்வர். வெயில் ஏறுமுன் மகளிர் முந்தானையை மடியாய்க் கட்டிக்கொண்டு பூக்களைக் கொய்கின்றனர். சாக்குகளில் கட்டப்பெற்ற பூ தர்மபுரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய பூச்சந்தைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே குண்டுமல்லியும் சம்பங்கியும் சாமந்தியும் கோழிக்கொண்டையும் குவிந்து கிடக்க, விடியற்காலையிலேயே விலை பேசும் ஓசை எழுகிறது.

பென்னாகரம் சாலையிலுள்ள சிற்றூர் ஒன்றில், இப்பூக்களைப் பற்றி வியந்து பேசிக்கொண்டிருந்த நம்மை நோக்கி முதிய தாய் ஒருவர் கேட்டார்: “சாமி, குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிட்டு நடக்கிறோம். இதிலே வீட்டு வாசல்லே பூச்செடி வேறயா?” இக்கேள்வியில் கோபம் இல்லை, பல ஆண்டுத் துயரம் இருந்தது. இதற்கு இனிய சொல் ஒன்றைக் கூறி நகர்ந்துவிடுதல் முறையன்று. மண்ணையும் விதையையும் கொண்டே மறுமொழி கூற வேண்டும்.

முதலில், இப்பூவின் பிறப்பிடத்தை நோக்குவோம். செண்டுமல்லி நம் நாட்டதன்று. ஆங்கிலேயர் இதனை ஆப்பிரிக்கப் பூ என அழைத்தாலும் ஆப்பிரிக்காவினதும் அன்று. வெயிலும் வறட்சியும் நன்கறிந்த மெக்சிக்கோ நாடே இதன் தாயகம். ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்தைக் கண்ட பின்னரே இதன் விதை கடல் கடந்து உலகெங்கும் பரவியது. மேரிகோல்டு என்னும் ஆங்கிலப் பெயருக்கு ‘மரியாளின் பொன்’ என்பது பொருள். முதலில் ஐரோப்பாவின் வேறொரு மஞ்சள் மலருக்கு வழங்கிய அப்பெயர் பின்னர் இதற்கும் உரியதாயிற்று. மெக்சிக்கோ மக்களோ இதனைச் செம்பாசூச்சில் என்பர். அவர்தம் பழைய நவாட்டில் மொழியில் ‘இருபது பூ’, அதாவது இதழ் பல அடுக்கிய மலர் என்பது அதன் கருத்து. இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் நவம்பர் 2-ஆம் நாளையொட்டி அந்நாட்டுக் குடும்பங்கள் கல்லறைகளை இம்மலராலேயே அணிசெய்கின்றன. நம் பங்குகளிலும் கல்லறைத் திருநாளன்று இதே மலரைத் தூவுகிறோம். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே நாளில், ஒரே மலர்!

இதன் உறவினம் பெரிது. சூரியகாந்தி, சாமந்தி ஆகியவையும் இதே குடும்பத்தவை. வட அமெரிக்கப் புல்வெளிகளில் ‘கருவிழிச் சூசன்’ எனப்படும் மலரொன்று தானே முளைத்துப் பூக்கிறது. மஞ்சள் இதழ்களின் நடுவே கண்மணி போலக் கரும்பழுப்புக் குமிழ் இருப்பதால் அப்பெயர் பெற்றது. மேரிலாந்து மாநிலம் அதனை 1918-இல் தன் மாநில மலராக ஏற்றது. அதன் இலையும் தண்டும் சொரசொரப்பான மயிர் போர்த்தவை; ஈரம் வீணே ஆவியாகிப் போகாமல் அது காக்கிறது. நம் பக்கத்து மலைப்பாங்கான மானாவாரி நிலங்களில் விதைக்கப்பெறும் உச்செள்ளும் இக்குடும்பமே. நூல்களில் பேயெள்ளு எனப்படுவது இதுவே. எண்ணெய்க்காக விதைத்த அப்பயிர், மழைக்காலம் முடியும் தறுவாயில் சரிவு முழுவதையும் மஞ்சளாக்கிவிடுகிறது. இனி, குடும்பத்தால் வேறானாலும் நிறத்தால் ஒத்த ஆவாரையை நாம் மறத்தலாகாது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார்? எவருமிலர். வறண்ட நிலத்தில் மலர் வேண்டாமென்று இயற்கை ஒருபோதும் கூறியதில்லை. ஏற்ற விதையையும் ஏற்ற காலத்தையுமே அது கேட்கிறது.

செண்டுமல்லிக்கு ஏற்ற காலத்தை நம் முன்னோர் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ எனச் சொல்லி வைத்துள்ளனர். புனித சந்தியாகப்பர் திருநாளாகிய ஜூலை 25-ஐ ஒட்டி விதையைத் தூவுவீர்களாயின் கணக்கு எளிதாகும். ஒரு மாதம் நாற்றங்காலில் வளரும். ஆகஸ்டு இறுதியில் பிடுங்கி நடலாம். நட்டு ஏறத்தாழ அறுபது நாளில், கல்லறைத் திருநாளுக்குச் சற்று முன்பாகப் பூக்கும். இம்மாவட்டத்தில் மழை மிகும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இளஞ்செடி வேரூன்றும் காலத்தோடு ஒத்துப்போகின்றன. பாதி நீரை வானமே வார்த்துவிடும்.

செய்முறையும் அரிதன்று. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து ஒரு சிறு பாத்தி அமைக்க வேண்டும். உடைந்த பானையோ பழைய தகர டப்பாவோ இருந்தாலும் போதும். அடியில் துளை இருத்தல் வேண்டும். விதையை வரிசையாய்த் தூவி, மேலே மிக மெல்லிய மண் போர்வை இட்டு, வைக்கோல் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். நான்கு முதல் ஏழு நாளில் முளை தோன்றும். உடனே வைக்கோலை அகற்றிவிட வேண்டும். நாற்றை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, வெயில் நன்கு படும் இடத்தில் மாலை வேளையில் நடுவது நலம். நட்ட ஒரு மாதத்தில் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பல வெடித்துப் பூ பெருகும். வாடிய பூவை அவ்வப்போது பறித்துவிட்டால் செடி மீண்டும் மீண்டும் மொட்டு விடும். நீர் தேங்கினால் வேர் அழுகும். இதற்கு மிகுந்த நீரே பகை.

வேரூன்றிய பின் வாரம் ஒருமுறை நனைத்தால் போதுமானது. அதற்கெனத் தனிக்குடம் சுமக்க வேண்டுவதில்லை. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் அன்றாடம் வாசலில் கொட்டப்படுபவையே. அவற்றை நான்கைந்து செடிகளின் அடியில் வார்த்து, சருகையும் வைக்கோலையும் மேலே பரப்பிவிட்டால் ஈரம் நெடுநாள் நிற்கும். அம்முதிய தாய்க்கு நாம் கூறிய மறுமொழி இதுவே: பூவுக்கென நீர் வேண்டாம், அம்மா, போகிற நீரைப் பூவின் பக்கம் திருப்பினால் போதும்.

இனி விதையைப் பற்றி ஒரு சொல். இன்று உழவர் பலர் வீரிய ஒட்டு விதையை விலைக்கு வாங்குகின்றனர். அல்லது நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்றாகவே பெறுகின்றனர். சந்தைக்கு அது பெரிய, ஒரே அளவான பூவைத் தருவது உண்மையே. ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் தாயைப் போன்ற செடி வாராது. ஆண்டுதோறும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். பூ விலையோ நிலையானதன்று. ஆயுத பூசைக்கு ஏறும், மறுவாரமே இறங்கும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வழிபாட்டிடங்கள் மூடப்பட்டு, திருமணங்களும் சுருங்கியபோது, கொய்வதற்குக் கூலி கட்டாமல் பூவைச் செடியிலேயே விட்ட உழவர் தமிழகத்தில் பலர்.

வீட்டுத் தேவைக்கோ நாட்டு வகையே சாலும். நோயற்ற செடியில் நன்கு திரண்ட மூன்று நான்கு பூக்களைப் பறிக்காமல் விட்டுவிட வேண்டும். இதழ் கருகிக் காம்பும் உலர்ந்த பின் அறுத்து, நிழலில் காய வைத்துப் பிரித்தால், ஒரு நுனி கறுத்தும் மறுநுனி வெளுத்தும் ஊசி போன்ற விதைகள் உதிரும். ஒரே பூவில் வாசல் முழுமைக்கும் போதிய விதை இருக்கும். காகிதத்தில் மடித்து, நாளைக் குறித்து, ஈரம் படாத இடத்தில் வைத்து, அடுத்த ஆடியிலேயே விதைத்துவிட வேண்டும்.

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிடும் அன்பர்களுக்கு மற்றொரு பயனும் உண்டு. பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால், காய்த்துளைப்பான் அந்துப்பூச்சி செண்டுமல்லியை நாடி முட்டையிடும். தக்காளி பெரிதும் தப்பும். மண்ணிலுள்ள நூற்புழுவையும் இதன் வேர் குறைக்கிறது. மேலும் விவரம் வேண்டுவோர் பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

இறுதியாக, நம் கல்லறைத் தோட்டங்களைச் சற்று நினைப்போம். பூ விளையும் இம்மாவட்டத்திலேயே, நவம்பர் 2-ஆம் நாள் பல கல்லறைகளின்மேல் பிளாஸ்டிக் மாலைகளைக் காண்கிறோம். அவை வாடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அடுத்த கோடையில் நிறம் வெளுத்து, காற்றில் அலைந்து, மண்ணோடு மண்ணாகவும் மாட்டாமல் கிடக்கின்றன. வீட்டில் வளர்ந்த மலர் நான்கு நாளில் வாடும். ஆனால் தன் விதையை விட்டுச் செல்லும். தாத்தாவின் கல்லறைக்கு வைத்த பூவின் விதையைப் பேரக்குழந்தை எடுத்து வந்து அடுத்த ஆடியில் ஊன்றுமானால், அக்குழந்தைக்கு உயிர்ப்பைப் பற்றி நாம் நெடிய மறையுரை ஆற்ற வேண்டுவதில்லை. வரும் சந்தியாகப்பர் திருநாளன்று குடும்பத்துக்கு ஐந்து செடி என்னும் கணக்கில் தொடங்குவோம்.