முழுசாகக் கேட்ட ஒரு கச்சேரி

கல்யாண மண்டபத்தில் மைக் ‘கூய்ய்ய்’ என்று கத்தினால் மைக்செட்காரர் ஓடிவந்து அதை அடக்குவார். அந்தச் சத்தத்தையே டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கிறவர்களை லண்டனில் பார்த்தேன். கூட்டிப்போனவள் என் பேத்தி.

இடத்தின் பெயர் கஃபே ஓட்டோ. கிழக்கு லண்டனில், டால்ஸ்டன் பகுதியில் 2008-ல் தொடங்கினார்கள். ஜப்பானிய மொழியில் ‘ஓட்டோ’ என்றால் ஓசை. பகலில் காபிக்கடை, ராத்திரியில் புதுமாதிரி இசைக்கான கூடம். வாசிப்பவர்களுக்கும் எனக்கும் நடுவே பத்தடி இருந்தால் அதிகம்.

மூன்று பேர். கிடார், டிரம்ஸ், வயோலா. பாட்டே கிடையாது. கிடார்க்காரப் பையன் கிடாரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிப் பிடித்தான். ஸ்பீக்கர் சத்தத்தில் தந்தி அதிர்கிறது; அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கர் வழியாகப் பெரிதாகி வந்து தந்தியை இன்னும் அதிர வைக்கிறது. மைக் கத்துவதும் இப்படித்தான். இவன் அரையடி முன்னே, அரையடி பின்னே நகர்ந்தே சுருதியை மாற்றினான். பீட்டில்ஸ் 1964-லேயே ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டை இந்தச் சத்தத்தோடுதான் ஆரம்பித்தார்களாம், பேத்தி சொன்னாள்.

அடுத்து தந்திகளுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகினான். எனக்குத் தம்புராதான் ஞாபகம் வந்தது. குதிரை மேல் தந்திக்கு அடியில் ஜீவாளி என்று ஒரு நூல் வைப்போமே, அந்த நூல் சரியாக உட்கார்ந்தால்தானே ரீங்காரம் வரும்! வயோலாக்காரப் பெண்ணும் தம்புரா மாதிரியே ஒரே சுரத்தை இருபது நிமிஷம் இழுத்தாள். அறுபதுகளில் நியூயார்க்கில் லா மாண்ட் யங், ஜான் கேல் போன்றவர்கள் இப்படி நீண்ட சுரங்களை வாசித்திருக்கிறார்கள். யங் 1970-லிருந்து பண்டிட் பிராண் நாத்திடம் ஹிந்துஸ்தானி கற்றவர். ஆக, உறவு இல்லாமல் இல்லை.

இனி என் விஷயம். நான் காது மிஷின் வைத்திருப்பவன். வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் பாதி புரியாது. அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்து வைப்பேன். அன்று பேத்தி மிஷினைக் கழற்றச் சொல்லிவிட்டு இயர்பிளக் கொடுத்தாள். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபெல் என்றால் 15 நிமிஷம்தான் என்பது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் கணக்கு. மிச்சமிருக்கிற காதையாவது காப்பாற்ற வேண்டாமா?

காதை அடைத்த பிறகும் டிரம்ஸ் தரை வழியாக, நாற்காலி வழியாக, நெஞ்சுக்குள் வந்தது. வார்த்தை இல்லாததால் எதையும் தவறவிட்டோமோ என்ற பதற்றம் இல்லை. பக்கத்தில் இருந்த இளைஞர்களும் என்னைப்போலவே, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதிப் பேர் கேண்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கே ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், “எப்படி இருந்துச்சு தாத்தா?” என்று காதருகே வந்து கேட்டாள்.

“ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒண்ணு விடாமக் கேட்டேன் கண்ணு” என்றேன்.